அலமாரிக்குப் பின்னால் ஒரு வளையல்: சொத்துச் சட்டம் தலையில் ஏறவில்லை, உதவுங்கள்

முதல்பருவம்
வணக்கம். சட்டப் படிப்பில் முதல் ஆண்டு. எங்களுக்கு நிலச் சட்டத்தையும் மற்ற பொருள்கள் மீதான சொத்துச் சட்டத்தையும் சேர்த்து ஒரே தாளாக வைத்திருக்கிறார்கள். பாடம் முழுக்க ஆங்கிலப் பொதுச் சட்டம். ஒப்பந்தமும் குற்றவியலும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. இது மட்டும் ஐந்து வாரமாகத் தண்ணீர் காட்டுகிறது.

முதல் வகுப்பிலேயே குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதினேன்: ரியல் பிராப்பர்ட்டி என்றால் அசையாச் சொத்து, பர்சனல் பிராப்பர்ட்டி என்றால் அசையும் சொத்து. மூன்றாவது வாரம் பேராசிரியர் வந்து, குத்தகை பர்சனல் பிராப்பர்ட்டி என்கிறார். குத்தகைக்கு எடுத்த வீடு எப்படி அசையும்?

இந்த வார டுடோரியல் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். வீட்டுக்காரருக்கு அந்த வீடு பெரியம்மா எழுதி வைத்துப் போனது. அவர் அதில் ஒரு நாளும் தங்கியதில்லை. குடியிருப்பவர் 'தங்கும் அனுமதிப் பத்திரம்' என்று தலைப்பிட்ட தாளில் கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் பணம் கட்டி, இரண்டு வருடக் கெடுவில் இருக்கிறார். சாவி அவரிடம் மட்டும்தான். படுக்கையறையில் சுவரோடு திருகாணி போட்டு மாட்டிய பெரிய மர அலமாரி. அவர் வருவதற்கு முன்பே இருந்தது. குடியிருப்பவர் அதை ஒருவருக்கு விலை பேசிவிட்டு, கழற்றுவதற்குத் தச்சரை அழைக்கிறார். கழற்றும்போது பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே, துணியில் சுற்றிய ஒரு தங்க வளையல். வீட்டுக்காரர், குடியிருப்பவர், தச்சர் மூவரும் உரிமை கோருகிறார்கள். ஆலோசனை கூறுக.

தொலைத்தவரைத் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் ஒரே வரி: "மனிதாபிமானம் இருக்கிறது, சட்டம் இல்லை."

இடைநின்றவன்
இந்தத் தாளில்தான் நான் படிப்பை விட்டேன். மற்றபடி வாழ்த்துகள்.

கரும்பலகை
சில வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன். அந்தக் கட்டத்தை முதலில் அடித்துவிடுங்கள், உங்கள் குழப்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. அசைகிறதா, அசையவில்லையா என்பது பொருளைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. ரியல், பர்சனல் என்ற பிரிவு பொருளைப் பார்த்துப் பிறந்ததே இல்லை, வழக்கைப் பார்த்துப் பிறந்தது.

இடைக்கால இங்கிலாந்து நீதிமன்றத்தில், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் வழக்குப் போட்டு வென்றால் அந்த நிலமே திரும்பக் கிடைக்கும். பொருளையே மீட்டுத் தரும் வழக்கு என்பதால் அது ரியல். 'ரெஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருள் என்று அர்த்தம். குதிரையையோ குடத்தையோ ஒருவர் பிடுங்கிக்கொண்டால் அந்த உறுதி இல்லை. பொருளைக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விலையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த ஆள்மீது தொடுக்கும் வழக்கு என்பதால் பர்சனல்.

குத்தகைக்காரர் இதில் எங்கே? ஆரம்பத்தில் அவருக்கு ரியல் வழக்குகளின் கதவு திறக்கவில்லை. துரத்தப்பட்டால் நஷ்டஈடுதான். நிலத்தையே மீட்கும் வழி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவருக்கு உறுதியானது. அதற்குள் அவரைப் பர்சனல் பெட்டியில் போட்டு மூடியாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள். ஆனால் நிலத்தோடு தொடர்பு இருக்கிறதே, அதனால் 'சாட்டல் ரியல்' என்று இரண்டும்கெட்டான் பெயர் ('சாட்டல்' என்றால் அசையும் பொருள்). 1925ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் நிலத்தில் இருக்கக்கூடிய சட்டப்பூர்வ எஸ்டேட்டுகளை, அதாவது நிலத்தை வைத்திருக்கும் உரிமை வகைகளை, இரண்டாகக் குறைத்தபோது, அந்த இரண்டில் ஒன்று குத்தகை. பெயர் மட்டும் பழைய பெட்டியிலேயே கிடக்கிறது.

இன்னொன்று. தமிழில் 'உடைமை' என்றால் சொத்தும்தான், கையில் வைத்திருத்தலும்தான். குறிப்பு எழுதும்போது இரண்டையும் ஒரே சொல்லால் எழுதாதீர்கள். வைத்திருத்தலைக் 'கைவசம்' என்று எழுதுங்கள். இந்தத் தாளில் பாதி மதிப்பெண் அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

பழுப்புக்கோப்பு
கரும்பலகை சொன்னதில் தப்பில்லை. ஆனால் முதலாண்டுப் பிள்ளைக்கு 15ஆம் நூற்றாண்டு எதற்கு? நான் பல வருடமாகப் பத்திரங்களோடு புழங்குகிறவன். 'சாட்டல் ரியல்' என்ற சொல்லை ஒரு கட்சிக்காரரிடமும் சொன்னதில்லை.

உங்களுக்கு வேண்டியது ஒரு கேள்விதான்: யாருக்கு எதிராக யார்? "வளையல் யாருடையது?" என்று கேட்டால் பொதுச் சட்டம் வாயைத் திறக்காது. "இவருக்கும் அவருக்கும் நடுவில் யார் கை ஓங்கும்?" என்று கேட்டால் பதில் வரும். தொலைத்தவர் வழக்கில் இல்லை. அவர் வந்தால் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வராதவரை அவரை வைத்து இந்த மூவரில் ஒருவர் இன்னொருவரை மடக்க முடியாது.

1722, ஆர்மரி எதிர் டெலமிரி. புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவன் ஒருவன் கல் பதித்த நகையைக் கண்டெடுத்து, விலை கேட்கப் பொற்கொல்லர் கடைக்குப் போகிறான். கடைப்பையன் எடை பார்ப்பதுபோல் வாங்கிக் கற்களைக் கழற்றிக்கொள்கிறான். மூன்று அரைப்பென்னி தருவதாகச் சொல்கிறார்கள். சிறுவன் வேண்டாம், என் நகையைக் கொடு என்கிறான். வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், கற்கள் இல்லாமல். சிறுவன் வழக்குப் போட்டு வென்றான். அது அவனுடையதா? இல்லை. ஆனால் பொற்கொல்லரைவிட அவனுக்கு மேலான உரிமை உண்டு. உண்மையான உரிமையாளரைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாருக்கும் எதிராக உண்டு. கற்களைக் காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த கல்லின் விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள் என்று ஜூரிக்குச் சொன்னார் தலைமை நீதிபதி பிராட். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

முதல்பருவம்
நன்றி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கண்டெடுத்தவன் சரி. திருடியவன் வைத்திருந்தாலும் இதே பதிலா?

பழுப்புக்கோப்பு
கிட்டத்தட்ட ஆமாம். கொஸ்டெல்லோ வழக்கைத் தேடிப் படியுங்கள், 2001. திருட்டுக் கார் என்று போலீஸ் ஒருவரிடமிருந்து ஒரு காரைப் பிடித்து வைத்தது. காரின் உண்மையான சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை. வைத்திருப்பதற்குப் போலீசுக்குச் சட்டம் தந்த அதிகாரம் முடிந்ததும், அது திருட்டுக் கார் என்று அவருக்குத் தெரிந்திருந்தும், அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது மேல்முறையீட்டு நீதிமன்றம். கைவசம் இருந்ததே ஓர் உரிமை. அதை முறியடிக்க எதிராளி தன்னுடைய மேலான உரிமையைக் காட்ட வேண்டும். "அது உன்னுடையது இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது.

இடைநின்றவன்
இதைச் சொல்லித்தான் எனக்கு நீதியின் மேல் இருந்த நம்பிக்கை போனது.

ஓரக்குறிப்பு
இறுதியாண்டு. போன வருடத்துக்கு முந்தின வருடம் உங்கள் நிலைமையில்தான் இருந்தேன், இந்தத் தாளில் முதல் தேர்வில் தோற்றும் இருக்கிறேன். நான் செய்த தவறு, கண்டெடுத்தல் வழக்குகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தது. கடைத் தரையில் கிடந்த நோட்டுக்கட்டு, கண்டவருக்கு. குளத்துச் சேற்றில் புதைந்த மோதிரங்கள், நிலக்காரருக்கு. தேர்வில் வந்ததோ தோட்டத்து ஊஞ்சலில் கிடந்த கைக்கடிகாரம். கடையும் இல்லை, குளமும் இல்லை. கை ஓடவில்லை.

அப்புறம் உட்கார்ந்து 1982ஆம் ஆண்டுப் பார்க்கர் தீர்ப்பை முழுதாகப் படித்தேன். ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓய்வறையில் பயணி ஒருவர் தங்கக் கைச்சங்கிலி ஒன்றைத் தரையில் பார்க்கிறார். எடுத்து ஊழியரிடம் கொடுத்து, சொந்தக்காரர் வராவிட்டால் எனக்கே அனுப்புங்கள் என்று பெயர், முகவரியும் எழுதிக் கொடுக்கிறார். விமான நிறுவனம் அதை 850 பவுண்டுக்கு விற்றுப் பணத்தை வைத்துக்கொண்டது. பயணி வென்றார். ஏன்? அந்த அறைக்குள் யார் வரலாம் என்று நிறுவனம் பார்த்துக்கொண்டது உண்மை. உள்ளே தொலைந்து கிடக்கும் பொருள்கள் மீதும் தன் பிடி உண்டு என்று காட்டும்படி எதுவும் செய்யவில்லை.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி டொனால்ட்சன் விதிகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு வேண்டியது: கட்டடத்துக்குள்ளேயே அல்லது கட்டடத்தோடு ஒட்டி இருக்கும் பொருள் என்றால், அங்கே இருப்பவருக்கு அது இருப்பதே தெரியாவிட்டாலும் அவர் கைதான் ஓங்கும். சும்மா மேலே கிடக்கும் பொருள் என்றால், அவர் தன் பிடியைக் காட்டியிருக்க வேண்டும். வேலைக்கு வந்த ஊழியரோ முகவரோ வேலையின் போக்கில் கண்டெடுத்தால் அது வேலை கொடுத்தவருக்காகக் கண்டெடுத்தது. பிறகு, கண்டவர் சொந்தக்காரரைத் தேட நியாயமான முயற்சி செய்தாக வேண்டும். உங்கள் மனிதாபிமானப் பக்கம் இங்கே ஒரு வரியாக நுழையலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கரும்பலகை
அருமை. மூன்று நபர், மூன்று ஜோடி என்று பிரித்து எழுதச் சொல்வேன் நான். தச்சர்–குடியிருப்பவர், தச்சர்–வீட்டுக்காரர், குடியிருப்பவர்–வீட்டுக்காரர். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இந்தக் கேள்வியில் அலமாரி எதற்கு வந்தது? வளையல் தரைப்பலகைக்கு அடியில் இருந்தது என்று சொல்லியிருக்கலாமே?

முதல்பருவம்
அலமாரி அசையும் பொருளா, வீட்டின் பகுதியா என்று எழுத வைக்கத்தானே? திருகாணி போட்டிருப்பதால் வீட்டின் பகுதி என்று எழுதினேன்.

கரும்பலகை
திருகாணி ஆரம்பம்தான். 1872ஆம் ஆண்டு ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன் சொன்ன உதாரணத்தை நான் வகுப்பில் வரைந்தே காட்டுவேன். கல்மேல் கல்லாகச் சாந்தில்லாமல் அடுக்கி வயலோரம் ஒரு சுவர் எழுப்புகிறீர்கள். எதுவும் ஒட்டவில்லை, கையால் எடுக்கலாம். ஆனாலும் அது நிலத்தின் பகுதி. அதே கற்களை, அதே உயரத்தில், அதே வடிவத்தில், கட்டடப் பொருள் வைக்கும் முற்றத்தில் இடம் போதவில்லை என்று அடுக்கி வைக்கிறீர்கள். அது நிலத்தின் பகுதி இல்லை. இரண்டு அடுக்கையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. எவ்வளவு இறுக்கம் என்பது ஒரு கேள்வி, எதற்காக வைத்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் கனமானது.

1902இல் லீ எதிர் டெய்லர்: சுவரில் மரச்சட்டம் அடித்துப் பொருத்திய விலையுயர்ந்த திரைச்சீலைச் சித்திரங்கள். ஒட்டித்தான் இருந்தன. ஆனால் சித்திரத்தை ரசிக்க வேறு எப்படி மாட்டுவது? எனவே அசையும் பொருளே. அதற்கு நேர்மாறு 1997ஆம் ஆண்டின் எலிட்ஸ்டோன்: கான்கிரீட் தூண்கள் மேல் தன் எடையிலேயே உட்கார்ந்திருந்த மர வீடு. ஆணிகூட இல்லை. ஆனால் உடைக்காமல் எடுக்க முடியாது. எனவே நிலத்தின் பகுதி. உங்கள் அலமாரி அந்தச் சுவருக்கென்றே செய்ததா, சாயாமல் இருக்கத் திருகியதா? கேள்வித்தாளில் அதற்கு ஏதாவது துப்பு இருக்கிறதா?

முதல்பருவம்
"அறையின் முழு அகலத்துக்கும் அளவெடுத்துச் செய்தது" என்று ஒரு வரி இருக்கிறது. இங்கே சுருக்கும்போது விட்டுவிட்டேன்.

ஓரக்குறிப்பு
அதை விட்டுவிட்டுக் கேட்டீர்களா! அந்த வரிக்குத்தானே மதிப்பெண்.

பழுப்புக்கோப்பு
'அனுமதிப் பத்திரம்' என்ற தலைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு ரத்தம் கொதிக்கும் இடம் அது. பத்திரத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் சட்டம் அதை ஏற்கும் என்று நம்பி வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஒருமுறை ஒரு நிறுவனம் கொண்டுவந்த தாளில் 'இது குத்தகை அல்ல' என்ற வாக்கியம் மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. நான்கு முறை சொல்கிறார்கள் என்றால் நிச்சயம் குத்தகைதான் என்று படிக்கும் முன்பே நினைத்துக்கொண்டேன்.

1985ஆம் ஆண்டு ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்ட். அறை கொடுத்தவர் 'அனுமதி' என்று எழுதி, வாடகைச் சட்டப் பாதுகாப்பு எனக்குக் கிடையாது என்று அந்தப் பெண்ணிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் நீதிபதி டெம்பிள்மன் சொன்னதன் சாரம்: மண்ணைக் கிளற ஐந்து பல் வைத்த ஒரு கருவியைச் செய்துவிட்டு, இது மண்வெட்டி என்று செய்தவன் எத்தனை முறை சொன்னாலும் அது முள்கரண்டிதான். இடத்தில் மற்றவரை விலக்கி இருக்கும் உரிமை, ஒரு கெடு, வாடகை. மூன்றும் இருந்தால் பொதுவாகக் குத்தகை. சாவி யாரிடம் என்று கேள்வியிலேயே சொல்லியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

முதல்பருவம்
சரி, குத்தகையா அனுமதியா என்பதால் வளையலுக்கு என்ன ஆகிறது?

பழுப்புக்கோப்பு
அனுமதி வெறும் ஆளோடு ஆள் பேசிக்கொண்டது. இடத்தின் கைவசம் வீட்டுக்காரரிடமே இருக்கும். குத்தகை என்றால் கைவசம் குடியிருப்பவரிடம் மாறிவிடுகிறது. பார்க்கர் விதியில் 'அங்கே இருப்பவர்' யார் என்பதே மாறிப்போகும்.

ஓரக்குறிப்பு
இதோடு 1863ஆம் ஆண்டின் ஹில் எதிர் டப்பர் வழக்கையும் ஒரு பார்வை பாருங்கள், இந்தக் கேள்விக்கு இல்லாவிட்டாலும். கால்வாயில் உல்லாசப் படகு விடும் தனி உரிமையைக் கால்வாய் நிறுவனம் ஒருவருக்குக் கொடுத்தது. பக்கத்து விடுதிக்காரர் தானும் படகு விட்டார். உரிமை பெற்றவரால் அவர்மீது நேராக வழக்குப் போட முடியவில்லை. ஊரில் இல்லாத புது வகைச் சொத்தை இரண்டு பேர் பேசிக்கொண்டு உண்டாக்க முடியாது. ஏன் முடியாது என்று யோசித்தால்தான் சொத்து உரிமை ஒப்பந்த உரிமையிலிருந்து எங்கே பிரிகிறது என்று புரிந்தது எனக்கு. சொத்து உரிமை, பேச்சில் கலந்துகொள்ளாத மூன்றாம் ஆளையும் கட்டுகிறது. கண்டபடி முளைக்க விட்டால் யாரும் எதையும் நம்பி வாங்க முடியாது.

இடைநின்றவன்
சரி, நானும் ஒன்று சொல்கிறேன், எனக்கு நினைவிருக்கும் ஒரே வழக்கு. 1964ஆம் ஆண்டுத் தொகுப்பில் 'ரீ கோல்' என்று வரும். பெரிய வீடு வாங்கி, அறைகலன் எல்லாம் நிரப்பிவிட்டு, மனைவியை வரவழைக்கிறார் கணவர். உள்ளே கூட்டிப் போய்க் கண்ணைப் பொத்திப் பிறகு கையை எடுத்து, "பார், எல்லாம் உனக்குத்தான்" என்கிறார். பல வருடம் கழித்து அவர் திவாலானார். அறைகலன் என்னுடையது என்றார் மனைவி. கிடைக்கவில்லை. வாயால் சொன்னால் போதாது, கையில் ஒப்படைக்க வேண்டுமாம். பொத்திய கையைக் கண்ணிலிருந்து எடுத்தது ஒப்படைப்பு ஆகாது.

கரும்பலகை
இடைநின்றவன், நீங்கள் இடையில் நின்றது எங்களுக்குத்தான் நஷ்டம். நிலமாக இருந்தால் பத்திரம் வேண்டும், அசையும் பொருளாக இருந்தால் ஒப்படைப்பாவது பத்திரமாவது வேண்டும். ஒரே தாளில் இரண்டு சட்டத்தையும் வைப்பதன் லாபம் இங்கேதான். இரண்டிலும் சட்டம் தேடுவது வெளியே தெரியும்படியான ஒரு செயலை.

முதல்பருவம்
நேற்றிரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி எழுதினேன். சுருக்கம் இது. திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டுங்கள், நாளை வகுப்பில் வாங்குவதைவிட மேல்.

முதலில் தலைப்பு. பெயர் அனுமதி, ஆனால் தனிச் சாவி, கெடு, மாதப் பணம். எனவே குத்தகை. கைவசம் குடியிருப்பவரிடம்.

இரண்டாவது அலமாரி. அறை அகலத்துக்கு அளவெடுத்தது, திருகியது, அறையை அறையாக்கத்தான் வைத்தது. எனவே கட்டடத்தின் பகுதி.

மூன்றாவதுதான் வளையல். இங்கே நூலகத்தில் 1963ஆம் ஆண்டின் ஆப்பிள்யார்ட் வழக்கு கிடைத்தது. பழைய கட்டடத்தை இடிக்க வந்த தொழிலாளர்கள், சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியில் 5,728 பவுண்டு நோட்டுகளைக் கண்டார்கள். பெட்டி கட்டடத்தின் பகுதி, அதனால் உள்ளே இருந்ததும் கட்டடத்தைக் கைவசம் வைத்திருந்த குத்தகைதாரர் பக்கம், தொழிலாளர்களுக்கு இல்லை. அப்போதுதான் அலமாரி எதற்கு வந்தது என்று புரிந்தது! அலமாரி வீட்டின் பகுதி என்றால், அதன் பின்னால் மறைந்திருந்த வளையல் 'மேலே கிடந்த' பொருள் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்த பொருள். தச்சர் தோற்கிறார். அலமாரி வெறும் சாமான் என்றால், தச்சர் சிறுவன் ஆர்மரியின் இடத்தில் நிற்கிறார், பார்க்கர் சோதனைக்குப் போக வேண்டும்.

மிஞ்சுவது குடியிருப்பவரும் வீட்டுக்காரரும். குடியிருப்பவர் வெல்வார் என்று முடித்திருக்கிறேன்.

கரும்பலகை
இப்போது சட்டம் இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் அவசரம். ஆப்பிள்யார்டில் கடைசியில் பணம் யாருக்குப் போனது?

முதல்பருவம்
நில உரிமையாளரான மாநகராட்சிக்கு. குத்தகைப் பத்திரத்திலேயே, மதிப்புள்ள பொருள் கிடைத்தால் எங்களுக்கு என்று ஒரு பிரிவு இருந்தது. எங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

கரும்பலகை
பிரிவு இல்லாவிட்டால் என்ன என்பதற்கு 1886ஆம் ஆண்டின் எல்வெஸ் வழக்கு இருக்கிறது. குத்தகைக்கு எடுத்த எரிவாயு நிறுவனம் மண்ணைத் தோண்டியபோது வரலாற்றுக்கு முந்தைய மரப் படகு ஒன்று கிடைத்தது. குத்தகைக்கு விடும் முன்பே, தெரிந்தோ தெரியாமலோ, படகு நிலக்காரரின் கைவசத்தில் இருந்தது. நிலத்தைத்தான் குத்தகைக்கு விட்டார், படகை இல்லை என்று அவருக்கே கொடுத்தார்கள். இதை உங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். எதிர்ப்பக்கம் 1945இன் ஹன்னா எதிர் பீல்: வீட்டுக்காரர் அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை. அங்கே தங்கவைக்கப்பட்ட போர்வீரர், ஜன்னல் சட்டத்தின் மேல் சிலந்தி வலைக்கு நடுவே கண்டெடுத்த புரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) அந்த வீரருக்கே போனது. பெரியம்மா எழுதி வைத்த வீட்டில் ஒரு நாளும் தங்காதவர் என்று கேள்வியில் ஏன் போட்டார்கள் என்று இப்போது தெரிகிறதா? இரண்டையும் மோதவிட்டு எழுதுங்கள். எந்தப் பக்கம் முடித்தாலும் மதிப்பெண் உண்டு.

பழுப்புக்கோப்பு
பெரியம்மாவின் கைவசம் மறந்துபோகிறதே. அவர் அங்கேதான் வாழ்ந்தார் என்றால் வீட்டுக்காரர் அவர் வழியாகவும் வரலாம். வளையலே அவருடையதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படியானால் கண்டெடுத்தல் பேச்சே இல்லை.

முதல்பருவம்
ஐயோ, அது தோன்றவே இல்லை. சேர்க்கிறேன்.

ஓரக்குறிப்பு
சேர்க்கும்போது அலமாரியை விலை பேசியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் பகுதியைக் குடியிருப்பவர் எப்படி விற்றார்? தான் பொருத்தியதைக் கழற்றிப் போவது வேறு, வரும்போதே இருந்ததை விற்பது வேறு.

முதல்பருவம்
அவரை மறந்தே போனேன். மறுபடி கேள்வித்தாளை எடுத்துப் பார்க்கிறேன்: பணம் கைமாறியதா என்று எங்கேயும் இல்லை, "விலை பேசினார்" என்று மட்டும்தான் இருக்கிறது. டுடோரியல் காலை ஒன்பதுக்கு. அலமாரியின் ஒரு பக்கத் திருகாணி இன்னும் சுவரிலேயே இருக்கிறதாம், அந்த வரியையும் இப்போதுதான் பார்த்தேன்.